முதல் தடவை மேடையில் பேசப் போகிறேன். அதற்கு முன் மனதையும் உடம்பையும் எப்படித் தயார் செய்வது?

கேள்வியைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது, நீங்களாக விரும்பிப் போய் மாட்டிக்கொண்ட ஆள் இல்லை என்று. "நீங்கள்தானே நல்லாத் தமிழ் கதைப்பீங்கள்" என்று சொல்லி யாரோ ஒரு பெரியவர் உங்கள் பெயரை நிகழ்ச்சி நிரலில் போட்டிருப்பார். அச்சடித்து வந்த பிறகுதான் உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்படி இல்லையென்றால் கோபிக்க வேண்டாம், எனக்கு நடந்தது அப்படித்தான்.

நான் திருகோணமலையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். அங்கே எந்த விழா வந்தாலும் நன்றியுரை என் தலையில்தான் விடியும். "நன்றியுரை எல்லாம் ஒரு பேச்சா" என்று கீழே எழுத ஆட்கள் இருப்பீர்கள். பெயர்களைப் பதவி பிசகாமல், வரிசை பிசகாமல், தமிழும் சிங்களமும் கலந்த ஒரு சபைக்கு, அதுவும் பசியோடு இருக்கிற சனத்துக்குச் சொல்லிப் பாருங்கள், பிறகு பேசுவோம். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த மனுசர் அடுத்த விழா வரை முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார். பட்டிமன்றக்காரருக்கு இந்த ஆபத்து இல்லை. நான் மருத்துவம் படித்தவளும் இல்லை, உளவியல் படித்தவளும் இல்லை. வாசித்ததில் எது என் உடம்புக்குச் சரிவந்ததோ அதை மட்டும் சொல்கிறேன்.

என் கட்சி இதுதான்: பேச்சுக்கு எல்லோரும் தயாராகிறோம், காத்திருப்புக்கு ஒருவரும் தயாராவதில்லை. ஆளை விழுத்துவது அந்தக் காத்திருப்பு. பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் என்ற ஹோர்மோன் ஏறும். நெஞ்சு அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், வாய் காயும், வயிறு கலக்கும். பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பெரும்பாலும் அது தானாகவே இறங்கிவிடும். அழைப்பிதழில் ஒன்பது மணி என்றிருந்து ஒன்பதுக்கே மைக்கைப் பிடித்தால் கதை அதோடு முடிந்தது. எங்கள் ஊரில் எந்த விழா ஒன்பதுக்குத் தொடங்கியிருக்கிறது?

ஒரு ஆடி மாதம், உவர்மலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் சங்கத்தின் ஆண்டு விழா. பிரதம விருந்தினர் கொழும்பிலிருந்து காரில் வருகிறார். 250 கிலோமீற்றருக்கு மேல் பாதை. ஹபரணை தாண்டிய காட்டுப் பக்கத்தில் யானை குறுக்கே நின்றால் எந்தப் பெரிய மனுசரின் வாகனமும் நிற்கத்தான் வேண்டும். இவ்வளவும் தெரிந்துகொண்டு காலை 9.00 மணி என்று அச்சடித்தார்கள்.

போதாததற்குக் கச்சான் காற்று. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, சூடாகி எங்கள் பக்கம் இறங்கும். அந்த மாதங்களில் காலை பத்து மணிக்கே உதடு வெடிக்கும். தொண்டையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அதைவிடக் கெட்ட காலம் இல்லை.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் வரவேற்புரைக்கு வந்த பிள்ளை இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள். கையில் மெல்லிய தாள், அதில் முழுப் பேச்சும் எழுதியிருந்தது, விரல் பட்ட இடமெல்லாம் மை ஊறிப்போயிருந்தது. ஒன்பதரைக்கு முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, வயித்தைக் கலக்குது."

"அது வரத்தான் செய்யும். எழும்பு, வெளியில போவம்."

"பேர் கூப்பிட்டா?"

"அவர் முதல்ல கந்தளாய் தாண்டட்டும்."

முதலில் கழிவறைக்கு அனுப்பினேன். சிரிக்காதீர்கள், மேடையில் ஏறி உட்கார்ந்த பிறகு அந்த வசதி கிடையாது. பிறகு மண்டபத்துக்குப் பின்னால் மதில் ஓரம் நிறுத்தி மூச்சுப் பழக்கினேன். மூக்கால் நாலு எண்ணும் வரை இழுப்பது, உதட்டைக் குவித்து எட்டு எண்ணும் வரை விடுவது. மூச்சு வெளியே போகும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற வேகஸ் நரம்பு இதயத்தைக் கொஞ்சம் மெதுவாக்கும். அதனால் வெளிமூச்சை நீட்டுவதில்தான் காரியம் இருக்கிறது. "நல்லா மூச்சை இழு" என்று சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். பதறுகிறவர் ஏற்கெனவே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதானே நிற்கிறார்!

பிள்ளைக்கு எட்டு வரை போகவில்லை, நாலிலேயே முட்டியது. தோள்தான் ஏறி இறங்கியது, வயிறு அசையவே இல்லை. பார்த்தால், சேலை கழன்றுவிடும் என்ற பயத்தில் பாவாடை நாடாவை அப்படி இறுக்கிக் கட்டியிருக்கிறாள். இடுப்பில் சிவப்பாகத் தடம். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசை, உதரவிதானம், கீழே இறங்க வேண்டும், அது இறங்கினால் வயிறு முன்னால் தள்ள வேண்டும். இடுப்பை நெரித்துக் கட்டினால் வயிறு எங்கே தள்ளும்? மறுபடி கழிவறைக்குள் போய் ஒரு விரல் நுழையுமளவு தளர்த்தி, ஊசியைக் கூடுதலாகக் குத்திக்கொண்டு வந்தாள். அப்புறம் எட்டு வந்தது. ஆண்கள் பெல்ட்டில் ஒரு ஓட்டை தளர்த்தினால் போதும். பேச்சுப் பயிற்சி பற்றி நான் வாசித்த எதிலும் இந்த நாடா விஷயம் இல்லை. எழுதுகிறவர்கள் சேலை உடுத்துவதில்லைப் போல.

பதினொன்றரைக்கு விருந்தினர் வந்தார். மாலை, விளக்கேற்றல், வரவேற்பு நடனம். நடனத்துக்கு ஒலிபெருக்கி அலறுகிற அந்த நேரம் பேச்சாளருக்குக் கிடைக்கிற வரம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று கீழ்ச் சுருதியிலிருந்து மேலே போய் இறங்குங்கள், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. குரல்நாண்கள் இளகிவிடும், முதல் சொல் கீச்சென்று உடையாது. நாங்கள் இரண்டு பேரும் மேடையில் சிரித்த முகத்தோடு முனகிக்கொண்டிருந்தோம்.

அவள் பேசினாள். முதல் வரியில் குரல் கொஞ்சம் தடுமாறியது, இரண்டாவதில் பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் கேட்டது, "கால் நடுங்கினது தெரிஞ்சதா அக்கா?" பக்கத்திலேயே இருந்த எனக்குத் தெரியவில்லை. இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேசுகிறவர் தன் பதற்றம் வெளியே தெரிவதாக நினைக்கிற அளவுக்குக் கேட்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை என்று கண்டார்கள். அதைப் பேச்சுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவும் பேசியிருக்கிறார்கள். ஆகவே மனதைத் தயார் செய்ய நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உங்கள் நெஞ்சு அடிக்கிற சத்தம் மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. காட்டிக்கொடுப்பது தாள் ஒன்றுதான். மெல்லிய தாள் கை நடுக்கத்தைப் பெரிதாக்கும், மின்விசிறிக் காற்றில் படபடக்கும். வீட்டில் குவிந்து கிடக்கிற கலியாணக் கார்ட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். முழுப் பேச்சையும் எழுத வேண்டாம். தொடக்கத்து இரண்டு வரியும் கடைசி வரியும் பாடம், நடுவில் குறிப்பு மட்டும். பெயர்களை மட்டும் முழுதாக எழுதுங்கள்.

எனக்கு நேரம் வந்தபோது மத்தியானம் ஒரு மணி தாண்டிவிட்டது. அவ்வளவு நேரம் என்ன செய்தேன் என்று கேட்டால், பெரும்பாலும் கால்களைத்தான் கவனித்தேன். நெடுநேரம் இருந்துவிட்டுச் சடாரென்று எழும்பினால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். அதனால் எனக்கு முந்திய பேச்சாளர் "இறுதியாக" என்று சொல்லும்போதே குதிகாலை ஏற்றி இறக்கிக் கெண்டைக்காலை வேலை செய்ய வைத்துவிடுவேன் (நம்மவர்கள் ஒரு பேச்சில் பல தடவை "இறுதியாக" சொல்வார்கள், நல்ல பயிற்சி). மைக்குக்கு முன்னால் முழங்காலைப் பூட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

தண்ணீரைக் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு வர வேண்டும். குடிக்கிற தண்ணீர் உணவுக் குழாயால் போகிறது, குரல்நாணில் அது படுவதே இல்லை. உடம்பு எடுத்து அங்கே ஈரம் சேர்க்க நேரம் வேண்டும். கடைசி நேரத்தில் மடக் மடக்கென்று குடிப்பது வாயை மட்டும் நனைக்கும். சும்மா கிடைக்கிறதே என்று பிளேன்ரீயை (பால் சேர்க்காத தேநீர்) மேல் மேலே வாங்கிக் குடிக்காதீர்கள், கை நடுக்கம் உள்ளவருக்கு அது கூட்டிக் கொடுக்கும். மேடையில் தண்ணீர் இல்லாமல் வாய் காய்ந்தால் எனக்கு ஒரு வழி இருக்கிறது. டச்சுக்குடா கடற்கரையில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிற மாங்காயை நினைப்பேன். எச்சில் தானாக ஊறும்.

சிங்களத்தில் சொல்ல வேண்டிய இரண்டு வரியை வீட்டிலேயே பல தடவை சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போவேன். மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் நாக்குக்குப் பழகாது. தமிழுக்கும் இதே கதைதான்.

ஒரு பயிற்சிப் பட்டறையில் எங்களை எல்லாம் கையை இடுப்பில் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, வெற்றி வீரர் மாதிரி நிற்கச் சொன்னார்கள். அப்படி நின்றால் ஹோர்மோனே மாறுமாம். அது 2010இல் வந்த ஓர் ஆய்வு. 2015இல் வேறு குழுவினர் இன்னும் கூடுதலான ஆட்களை வைத்துச் செய்தபோது ஹோர்மோன் எதுவும் மாறவில்லை. 2016இல் முதல் ஆய்வைச் செய்தவர்களில் ஒருவரான டேனா கார்னியே தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று பகிரங்கமாக எழுதிவிட்டார். எங்கள் பட்டறை அதற்குப் பிறகு நடந்தது, கட்டணத்தோடு. நிமிர்ந்து நிற்பதில் கெடுதல் இல்லை, மூச்சுக்கு நல்லது. அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

மாத்திரை பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பீர்கள். புரோப்ரனலோல் என்ற மருந்து இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும், மேடைக் கலைஞர்கள் சிலர் எடுப்பதுண்டு. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல், இன்னொருவருடைய மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

வள்ளுவர் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார், 73ஆவது. பள்ளிப் பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் அதை நடுங்கிக்கொண்டே ஒப்புவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பேசுகிறவருக்கு அவர் சொன்னது சரி. விழா நடத்துகிறவர்களுக்கும் யாராவது ஓர் அதிகாரம் எழுதியிருக்கலாம். பத்தரைக்குத்தான் தொடங்குவீர்கள் என்றால் பத்தரை என்றே அச்சடியுங்கள். தண்ணீர்ப் போத்தலை மூடி திறந்து வையுங்கள், நடுங்குகிற கையால் புது மூடியைத் திருகிப் பார்த்தவருக்குத் தெரியும், அந்த நொறுக்குச் சத்தத்தை மைக் எப்படி ஊருக்குச் சொல்கிறது என்று. முக்கியமாக, நன்றியுரை முடியும் வரை சாப்பாட்டுப் பார்சலை மண்டபத்துக்குள் கொண்டுவராதீர்கள். நான் எழும்பி "கௌரவத்துக்குரிய" என்று தொடங்கும்போது பின் வரிசை முழுக்கக் கதவடியில் நிற்கிறது. அன்றைக்கு எல்லாப் பெயரையும் பிழையில்லாமல் சொல்லிவிட்டு இறங்கி வந்தால், எனக்கென்று மிஞ்சியிருந்தது முட்டை இல்லாத பார்சல்.