லாட்ஜ்ல குடுத்த ஆதார் ஜெராக்ஸ் பத்தி

லாட்ஜ் ரிசப்ஷன்ல ஆதார் ஜெராக்ஸ் குடுத்துட்டேன், அக்கவுண்ட்ல இருந்து காசு போயிடுமான்னு கேட்டிருந்தீங்க. வெறும் பேப்பரை வச்சு நேரா பணம் எடுக்க முடியாதுங்க, கைரேகையோ ஓடிபியோ வேணும். பயம் வேற இடத்துல, உங்க பேர்ல எவனாவது சிம் வாங்கிடுறது. மத்திய அரசு தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி சைட்ல போன் நம்பர் போட்டா உங்க பேர்ல எத்தனை சிம் இருக்குன்னு காட்டும், தெரியாத நம்பர் இருந்தா அங்கயே ரிப்போர்ட் பண்ணலாம்.

அடுத்து ஆதார் சைட்ல பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கருவிழிப் பதிவை லாக் பண்ணிடுங்க. ஆனா ரேஷன் கடைக்குப் போறப்ப மறக்காம அன்லாக் பண்ணணும், எங்கம்மா ஒரு மணி நேரம் வரிசைல நின்னுட்டு ரேகை விழலன்னு வெறுங்கையோட வந்து என்னைத் திட்டித் தீர்த்துட்டாங்க. அதே சைட்ல ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி பாருங்க, கடைசி 6 மாசத்துல உங்க ஆதாரை எங்கெங்க சரிபார்த்தாங்கன்னு வரும்.

இனிமே லாட்ஜுக்கெல்லாம் மாஸ்க்டு ஆதார் போதும், கடைசி 4 நம்பர் மட்டும்தான் தெரியும். 2022 மே மாசம் ஆதார் ஆணையத்தோட பெங்களூரு ஆபீஸே இதைத்தான் சொல்லுச்சு, ஜெராக்ஸ் குடுக்காதீங்கன்னு. ரெண்டே நாள்ல ஜனங்க தப்பா புரிஞ்சுக்குவாங்கன்னு சொல்லி வாபஸ் வாங்கிட்டாங்க, நாம என்னத்த புரிஞ்சுக்கறதுன்னு தெரியல போங்க. மாஸ்க்டு செல்லாதுன்னு ரிசப்ஷன்ல அடம் பிடிச்சா டிரைவிங் லைசென்ஸைக் காட்டுங்க, நான் அப்படித்தான் பண்றேன்.