இயேசு வரப்போகிறார் என்றால் வேலை, சேமிப்பு எல்லாம் எதற்கு?

“இயேசுவின் வருகை சமீபம் என்று நம்புகிறவர் அன்றாட வாழ்க்கையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். தெசலோனிக்கே சபையிலும் சிலர் வேலை செய்யாமல் திரிந்தார்கள். வருகையை எதிர்பார்த்ததே காரணம் என்று பல விளக்கவுரையாளர்கள் கருதுகிறார்கள். பவுல் அவர்களுக்குச் சொன்னது, அமைதியாக வேலை செய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்பதுதான் (2 தெசலோனிக்கேயர் 3).

எனக்கு அதிகம் உறைத்தது மத்தேயு 24-இல் வரும் ஊழியக்காரன் உவமை. எஜமான் வரும்போது நல்ல ஊழியன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வீட்டாருக்கு ஏற்ற நேரத்தில் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருக்கிறான். பொல்லாதவனோ, ‘அவர் வர நாளாகும்’ என்று நினைத்த உடனே உடன் வேலைக்காரரை அடிக்கத் தொடங்குகிறான். கவனியுங்கள், எதிர்பார்ப்பு குறைந்ததும் முதலில் அடிபடுவது பக்கத்தில் இருப்பவர்தான்! ஆகவே நம் காத்திருப்பு உண்மையானதா என்பது, நமக்குக் கீழே வேலை செய்பவரிடமும் வீட்டாரிடமும் நடந்துகொள்ளும் விதத்தில் தெரிந்துவிடும். யாக்கோபும் தன் நிருபத்தில் வருகையைச் சொன்ன கையோடு, ஒருவருக்கு விரோதமாக ஒருவர் முறையிடாதீர்கள் என்கிறார் (யாக்கோபு 5:8-9).

நாள் குறிப்பது மட்டும் வேண்டாம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள், 1844 அக்டோபர் 22-இல் இயேசு வருவார் என்று நம்பிக் காத்திருந்து மனமுடைந்தார்கள். அந்த நாளைப் பிதா ஒருவரே அறிவார் (மத்தேயு 24:36).

அப்புறம், இந்த வருகையின் நம்பிக்கை துக்கத்தையும் தொடுகிறது. அன்பானவரை இழந்தவர் அழலாம். பவுல் தடுத்தது நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படுவதைத்தான் (1 தெசலோனிக்கேயர் 4:13). கல்லறையருகே நிற்கும்போது இந்த வசனம் எவ்வளவு தாங்குகிறது என்று நின்றவர்களுக்குத் தெரியும்.