ஹாமர்ஸ்டைனின் கடைசிச் சொல் – கடிதம்

வணக்கம் சார்,

'எடல்வைஸ்' ஆஸ்திரிய நாட்டுப்புறப் பாட்டு என்றே இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' இசை நாடகத்துக்காக ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் 1959இல் எழுதியது என்று போன வாரம்தான் தெரிந்தது. அவருடைய மற்ற பாடல்களையும் தேடி வாசித்தேன். வரிகள் ரொம்பச் சாதாரணமாக இருக்கின்றன. இசையைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஏன் இவரை இன்னும் கொண்டாடுகிறார்கள்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அது நாட்டுப்புறப் பாட்டு என்று இன்றும் நம்புகிறவர்கள் நிறைய. அவர் கடைசியாக எழுதிய பாட்டு அது. நாடகம் நியூயார்க்கின் பிராட்வேயில் மேடையேறி ஒன்பது மாதம் கழித்து, 1960 ஆகஸ்டில் இறந்துவிட்டார்.

அவர் வரிகளை வாசிக்காதீர்கள், வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராஜர்ஸோடு சேர்ந்தபின் பெரும்பாலும் அவர் முதலில் எழுதிக் கொடுப்பார், மெட்டு அப்புறம் வரும். பாடுகிற பாத்திரத்துக்கு என்ன தெரியுமோ அதைத் தாண்டி ஒரு சொல்கூட அதில் இருக்காது. 'ஓக்லஹோமா!' (1943) ஒரு மாட்டுக்காரன் விடிகாலையைப் பாடுவதில் தொடங்குகிறது. அதில் சோளம் மட்டக்குதிரையின் கண் உயரத்துக்கு நிற்கிறது என்று முதலில் எழுதினார். பக்கத்து வயலுக்கு நடந்து போய்ப் பார்த்தால் பயிர் இன்னும் உயரம். குதிரையை எடுத்துவிட்டு யானையை வைத்தார். உங்களுக்குச் சாதாரணமாகத் தெரிகிற வரிகள் இப்படி வந்தவை. அந்த ஒரு பாட்டுக்கே வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. 'கரோசல்' (1945) நாடகத்தில் ஒரு நல்ல காதல் பாட்டு, அவர் எதிர்பார்த்த அளவுக்கு மக்களிடம் போய்ச் சேரவில்லை. குற்றத்தைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். பாட்டின் கடைசிச் சொல் 'டாக்' (talk). 'க்' வந்ததும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. உச்சத்தில் பாடகியால் குரலை நீட்ட முடியவில்லை. தமிழ்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். நம் மொழியில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடிவதில்லை, இலக்கணமே அதற்கு இடம் தரவில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் வரிக்கு வரி தானே காவல் இருக்க வேண்டும். ஒரு மெய்யெழுத்துக்காக இப்படி வருந்தியவரை எளிமையான கவிஞர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கண்டிப்பை அவர் அடுத்த தலைமுறைக்கும் கொடுத்தார். ஸ்டீபன் சோண்ட்ஹைம் பதினைந்து வயதில், பள்ளிக்காக எழுதிய இசை நாடகத்தை அவரிடம் கொண்டுபோனான். படுமோசம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். சொல்லிவிட்டு, ஏன் மோசம் என்று அந்தப் பிற்பகல் முழுக்க உட்கார்ந்து விளக்கினார். பையன் பின்னாளில் அந்தக் கலையின் பெரிய பெயர்களில் ஒன்றானான். அந்தப் பிற்பகலைச் சோண்ட்ஹைம் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, இன்னொன்று. அதே 'கரோசல்' நாடகத்தில், கணவனை இழந்தவளைத் தேற்றும் பாட்டு ஒன்று உண்டு. 'நீ ஒருபோதும் தனியாக நடக்கமாட்டாய்' என்று பொருள். அதன் கடைசிச் சொல் 'அலோன்': நெடிலும் மெல்லினமும். 1963இல் ஒரு லிவர்பூல் இசைக்குழு அதைப் பாடி வெளியிட்டது. ஊரின் கால்பந்து ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். இன்றும் ஆட்டம் தொடங்கும் முன் ஆன்ஃபீல்ட் மைதானமே எழுந்து நின்று பாடுகிறது. ஒரு காணொளி பாருங்கள். அந்தக் கடைசிச் சொல்லை எவ்வளவு நேரம் இழுக்கிறார்கள் என்று கவனியுங்கள்.