பொலிஸ், வைத்தியசாலை, கோர்ட்: உங்கள் வழக்கு இப்போது யாருடைய மேசையில் நிற்கிறது?

உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வேலிச் சண்டையில் பக்கத்துக் காணிக்காரர் இரும்புக் கம்பியால் அடித்ததில் அவருடைய தம்பிக்குக் கை முறிந்துவிட்டது. முறைப்பாடு போட்டார்கள், அடித்தவர் விளக்கமறியலுக்குப் போய்ப் பிணையில் வெளியே வந்துவிட்டார், ஏழு மாதமாகிறது. பொலிஸில் கேட்டால் "மெடிக்கல் ரிப்போர்ட் வரவில்லை" என்கிறார்கள். வைத்தியசாலையில் "கோர்ட் கேட்டால்தான் கொடுப்போம்" என்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனால் ஒவ்வொரு முறையும் அடுத்த தவணைத் திகதியோடு திரும்பி வருகிறார்கள். இதற்குள் அடித்தவரின் ஆட்கள் "கேஸை விட்டுவிடுங்கோ" என்று வீட்டுப் பக்கம் வரத் தொடங்கிவிட்டார்கள். "யாரிடம் போனால் இது நகரும்? மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதட்டுமா?" என்று கேட்கிறார்.

எழுதலாம், ஆனால் முதல் வேலை அது இல்லை. ஐந்தாறு இடத்துக்கு ஒரே நாளில் கடிதம் போட்டால், அந்த எல்லா இடத்திலிருந்தும் உங்கள் பொலிஸ் நிலையத்தின் அதே பொறுப்பதிகாரியிடம்தான் அறிக்கை கேட்பார்கள். அவர் பதில் எழுதிக்கொண்டே இருப்பார், வழக்கு இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த அலுவலகங்களில் யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை. பொலிஸ் பொலிஸ் மாஅதிபரின் கீழ், சட்ட வைத்திய அதிகாரி சுகாதாரத் துறையின் கீழ், இரசாயனப் பகுப்பாய்வாளர் பத்தரமுல்லையில் தனித் திணைக்களம், வழக்குத் தொடுநர் பக்கத்தில் சட்டமா அதிபர், சிறைச்சாலை வேறு, நீதவான் முற்றிலும் வேறு. இவர்கள் ஒருவரையொருவர் போனில் கூப்பிட்டுப் பேசி முடிவெடுப்பதில்லை. ஒருவருடைய தாள் இன்னொருவருடைய மேசைக்குப் போனால்தான் அடுத்த வேலை தொடங்கும். ஆகவே 'யார் பிழை' என்று தேடுவதை விட, இப்போது எந்தத் தாள் எந்த மேசையில் நிற்கிறது என்று தேடுவதுதான் உங்களுக்குப் பயன் தரும்.

உங்கள் விஷயத்தில் பொலிஸ் சொல்வதும் வைத்தியசாலை சொல்வதும் இரண்டுமே பாதி சரி. தம்பியைச் சட்ட வைத்திய அதிகாரி பார்த்தபோது பொலிஸ் கொடுத்த ஒரு படிவத்தை நிரப்பியிருப்பார், அது பொலிஸுக்கே திரும்பிப் போகும். காயம் சாதாரணமானதா, பாரதூரமானதா, உயிராபத்தானதா என்ற வகை அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். எலும்பு முறிந்தால் தண்டனைச் சட்டக்கோவைப்படி அது பாரதூரமான காயம். ஆக முக்கியமான தகவல் பொலிஸின் கையிலேயே இருந்திருக்க வேண்டும். வராமல் இருப்பது முழுமையான சட்ட மருத்துவ அறிக்கை. அது நீதிமன்றத்துக்குப் போகிற அறிக்கை, கோர்ட் கேட்டு எழுதினால்தான் வைத்தியர் அனுப்புவார். அதனால் வைத்தியசாலைக் கவுண்டரில் நீங்கள் எத்தனை தரம் போய் நின்றாலும் அது கையில் கிடைக்காது, அலைச்சல்தான் மிச்சம்.

அப்படியானால் கோர்ட் ஏன் கேட்கவில்லை? யாராவது கோர்ட்டிடம் கேட்கச் சொல்ல வேண்டும். கைது செய்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன்னால் நிறுத்தியபோது பொலிஸ் ஒரு 'பி' அறிக்கை கொடுத்திருக்கும். இது நடந்தது, விசாரணை நடக்கிறது என்று நீதவானுக்குத் தெரிவிப்பது அவ்வளவுதான், குற்றச்சாட்டுப் பத்திரம் இல்லை. பி இலக்கத்தின் கீழ் வழக்கு இருக்கும்வரை சாட்சி விசாரணை தொடங்காது, திகதி மட்டும்தான் மாறும். மருத்துவ அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், கம்பி போன்ற சான்றுப் பொருட்கள் எல்லாம் சேர்ந்தபிறகுதான் பொலிஸ் குற்றச்சாட்டுப் பத்திரத்தைத் தாக்கல் செய்யும். (கம்பியில் இரத்தம் இருந்து அதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அதுவும் கோர்ட் மூலமாகத்தான் பத்தரமுல்லைக்குப் போகும். அனுப்பினார்களா என்று கேளுங்கள். அனுப்பாத பொருளுக்கு அறிக்கை வரவில்லை என்று காத்திருக்கும் வழக்குகளும் உண்டு.)

எனவே செய்ய வேண்டியது இதுதான். பி இலக்கத்தையும் அடுத்த தவணைத் திகதியையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள். அவர் பாதிக்கப்பட்டவர் சார்பில் ஆஜராகி, தேவையானால் தவணைக்கு முன்பே நகர்த்தல் பத்திரம் (வழக்கை எடுக்கக் கேட்டு கோர்ட்டில் கொடுக்கும் மனு, 'மோஷன்') போட்டு, சட்ட வைத்திய அதிகாரியிடம் அறிக்கையை அழைக்கும்படியும், விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்று பொலிஸ் மேலதிக அறிக்கை தரும்படியும் நீதவானிடம் கேட்கலாம். இத்தனை அலுவலகங்களுக்கும் ஒரே நேரத்தில் கட்டளை போடக்கூடியவர் நீதவான் ஒருவர்தான். கோர்ட் கட்டளை போட்டதும் அது வழக்கேட்டில் பதிவாகும், அடுத்த தவணையில் 'வரவில்லை' என்றால் காரணம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

பாதிக்கப்பட்டவருக்கு இப்படிக் கேட்கும் உரிமை உண்டா என்று தயங்காதீர்கள். 2015-இல் பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் வந்தது, 2023-இல் 10-ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. விசாரணை எங்கே நிற்கிறது என்று அறியும் உரிமையெல்லாம் அதில் இருக்கிறது.

அடித்தவரின் ஆட்கள் வருகிற விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. அவர்கள் வந்த திகதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் யார் என்று எழுதி வையுங்கள். தனியாக ஒரு முறைப்பாடு போடுங்கள், அதன் பிரதியை எடுங்கள், அதைப் பழைய பி இலக்கத்தின் கீழ் நீதவானுக்குத் தெரிவிக்கச் சொல்லிப் பொலிஸிடம் கேளுங்கள். சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம், பிணையை இரத்துச் செய்யக் கேட்பதற்கும் அது காரணமாகும். சாட்சி இல்லாவிட்டால் வழக்குக்கு என்ன ஆகும் என்று திருகோணமலையில் இருப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2006 ஜனவரி 2-ஆம் திகதி கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் வழக்கில் சந்தேகநபர்கள் 13 பேரும் 2019 ஜூலையில் இதே ஊர் நீதவான் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள், போதிய சாட்சியம் இல்லை என்று. முக்கியமான சாட்சிகள் பயத்தில் ஏற்கெனவே நாட்டை விட்டே போயிருந்தார்கள்.

சமாதானம் பேசத்தான் வருகிறார்கள் என்றால், அதற்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. சிறு அடிதடிகளைப் பொலிஸே அங்கே அனுப்பும். ஆனால் முறிந்த கையைச் சாதாரண காயமாக எழுதி அங்கே தள்ளிவிடப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முறைப்பாட்டுப் பிரதியில் காயத்தை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீதவான் நீதிமன்றத்தில் இப்படியான வழக்கைப் பெரும்பாலும் பொலிஸே நடத்தும். கொலை முயற்சி என்று போனால் மட்டும் கோப்பு சட்டமா அதிபரிடம் போய், அவர் குற்றப்பத்திரிகை போட்டு மேல் நீதிமன்றத்துக்கு வரும், அது இன்னும் நீளும்.

வாக்குமூலம் எந்த மொழியில் எழுதினார்கள்? வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ். சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டால், தமிழில் எழுதச் சொல்லுங்கள், அல்லது முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகு மட்டும் போடுங்கள். மூன்று மணிக்கு நடந்தது ஐந்து மணி என்று எழுதப்பட்டிருந்தால், குறுக்கு விசாரணையில் தம்பிதான் மாட்டுவார்.

விசாரித்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தால் (ஏழு மாதத்தில் அநேகமாகப் போயிருப்பார்) கோப்பை இப்போது பொறுப்பெடுத்தவர் யார் என்று பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் ஏ.எஸ்.பி.யிடம் (உதவிப் பொலிஸ் அத்தியட்சகர்), அதற்கும் மேலே தேசிய பொலிஸ் ஆணைக்குழு. மனித உரிமைகள் ஆணைக்குழு அந்தக் கட்டத்தில்தான். அப்போது கையில் நீங்கள் எழுதிக் கேட்ட கடிதமும் கோர்ட் கட்டளையும் இருக்கும், வெறும் குறையாக இருக்காது.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் திருகோணமலையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. தேசிய அடையாள அட்டை, முறைப்பாட்டுப் பிரதி, வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எக்ஸ்ரே படத்தை மட்டும் யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், பிரதி கொடுத்தால் போதும்.