ஆளைப் பார்ப்பதா, மைதானத்தைப் பார்ப்பதா?

கேள்வி: கோல்ஃப் மைதான வடிவமைப்பாளரைப் பேச்சும் தோற்றமும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: கூடாது. அமெரிக்காவின் சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட் ஆணவக்காரர் என்றே பெயரெடுத்தவர். அவர் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் அமைத்த நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் மைதானம் 1911-இல் திறக்கப்பட்டது. இன்றும் தலைசிறந்தவற்றுள் ஒன்று.

உங்கள் வடிவமைப்பாளர் அமைத்த, ஐந்து வருடமாவது பயன்பாட்டில் இருந்த மைதானத்தைக் கனமழைக்கு மறுநாள் நடந்து பாருங்கள். ஃபேர்வேயில் (குழியை நோக்கிப் பந்தை அடித்துச் செல்லும் புல்வெளிப் பாதையில்) நீர் தேங்கினால் சரிவோ வடிகாலோ பிழை. பங்கர் எனும் மணற்பள்ளத்தில் மணல் சரிந்து கிடந்தால் அதன் சுவர் மிகவும் செங்குத்து, அல்லது மேட்டுநீர் உள்ளே பாய்கிறது. கிரீனில் (பந்து விழவேண்டிய குழி உள்ள புல்தரையில்) குழியைச் சுற்றி 3 சதவீதத்துக்கு மேல் சரிவிருந்தால், புல்லை ஒட்ட வெட்டும் நாளில் பந்து நிற்காது. அந்த மைதானத்தின் பராமரிப்பாளரிடம் தனியே பேசுங்கள். அதுதான் மிக முக்கியம்.

குணத்தில் ஒன்றை மட்டும் பாருங்கள்: மண் வேலை நடக்கும்போது அவரே களத்துக்கு வருவாரா? எத்தனை முறை என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.