ஹோமா, புரோவா? தேர்வுக்குப் படிப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: கணினித் தொழில்நுட்பச் சான்றிதழான காம்ப்டியா ஏ பிளஸ் கோர் 2 (220-1202) தேர்வுக்குப் படிக்கிறேன். விண்டோஸ் எடிஷன்களை (ஹோம், புரோ, என்டர்பிரைஸ் போன்றவை) ஒப்பிடும் அட்டவணையை எத்தனை முறை படித்தாலும் மறுநாள் மறந்துவிடுகிறது. என்ன செய்ய?

பதில்: அட்டவணையை மூடி வையுங்கள். ஹோமில் என்னென்ன இல்லை என்று மட்டும் முதலில் மனதில் பதியுங்கள். டொமைனில் (கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அலுவலக வலையமைப்பு) சேர முடியாது. கணினியின் விதிகளை அமைக்கும் குரூப் பாலிசி எடிட்டர் (ஜிபிஎடிட்) இல்லை. டிரைவையே பூட்டும் பிட்லாக்கர் முழுமையாக இல்லை. ரிமோட் டெஸ்க்டாப்பில் (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதி) வெளியாள் உள்ளே வர முடியாது. கணினிக்குள் மெய்நிகர்க் கணினி இயக்கும் ஹைப்பர்-வி இல்லை. கோப்புகளைத் தனித்தனியே பூட்டும் இஎஃப்எஸ் இல்லை. இந்த ஆறும் புரோவில் உண்டு. பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது ராம் உச்சவரம்பு. 64 பிட்டில் ஹோமுக்கு 128 ஜிபி, புரோவுக்கு 2 டிபி, புரோ ஃபார் ஒர்க்ஸ்டேஷன்ஸ், என்டர்பிரைஸ் இரண்டுக்கும் 6 டிபி. 32 பிட் விண்டோஸ் 10 என்றால் எந்த எடிஷனாக இருந்தாலும் 4 ஜிபிதான். விண்டோஸ் 11-இல் 32 பிட்டே கிடையாது.

தேர்வில் கேள்வி சூழ்நிலையாகத்தான் வரும். ஒரு மாதிரி: ‘12 கணினிகள் உள்ள அலுவலகத்தில் புதிதாக டொமைன் கன்ட்ரோலர் வைத்திருக்கிறார்கள். ஊழியர்கள் எந்தக் கணினியிலும் தங்கள் கணக்கில் நுழைய வேண்டும். செலவு குறைவாக இருக்க வேண்டும். எந்த எடிஷன்?’ என்டர்பிரைஸிலும் இது நடக்கும் என்பதால் பலர் அதை டிக் செய்துவிட்டு வருவார்கள். ‘செலவு குறைவு’ என்ற சொல் அதை வெட்டிவிடுகிறது, புரோதான் விடை. வால்யூம் லைசென்ஸ் (மொத்த உரிமம்), டைரக்ட் ஆக்சஸ் (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்பில் தானாகச் சேர்வது), கிரெடென்ஷியல் கார்டு (நுழைவு விவரங்களைக் காக்கும் வசதி) என்ற சொற்கள் தென்பட்டால் மட்டும் என்டர்பிரைஸ் பக்கம் போங்கள். ஆர்இஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் டிஸ்க் பகுதி (வால்யூம்) உருவாக்க வேண்டும், 4 பிராசஸர் வரை தேவை என்று வந்தால் ஒர்க்ஸ்டேஷன்ஸ்.

கேள்வி: எடிஷன், வெர்ஷன் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: தமிழில் இரண்டையுமே ‘பதிப்பு’ என்று எழுதுவதால் வந்த வினை. ஹோம், புரோ என்பவை எடிஷன். 23எச்2, 24எச்2 என்பவை வெர்ஷன். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, ‘வின்வெர்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால், திறக்கும் சிறு பெட்டியில் இரண்டும் தெரியும்.

கேள்வி: என் ஹோம் கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் நிரல் திறக்கிறது. அப்படியிருக்க ஹோமில் அது இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: எந்த முனையில் எந்த எடிஷன் என்று பாருங்கள். ஹோமில் இருப்பது கிளையன்ட் மட்டும். அதிலிருந்து கிளம்பி ஒரு புரோ கணினிக்குள் நுழையலாம். ஹோம் கணினிக்குள் வேறொருவர் நுழைய முடியாது. ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டாலும் பயனில்லை, அந்தப் பக்கம் பதில் சொல்ல ஹோஸ்ட் வசதியே இல்லை. ஹோம் வைத்திருப்பவருக்குத் தொலைவிலிருந்து உதவ வேண்டுமானால் குவிக் அசிஸ்ட் இருக்கிறது.

புரோவிலும் இரண்டு இடத்தில் தடுமாறுவார்கள். பாஸ்வேர்டு வைக்காத உள்ளூர்க் கணக்கில் ரிமோட் நுழைவு மறுக்கப்படும். அது பழுதல்ல, வெற்றுப் பாஸ்வேர்டு நேரில் உட்கார்ந்து நுழைய மட்டுமே செல்லும் என்பது இயல்புநிலை பாலிசி. அடுத்து, நீங்கள் உள்ளே போனதும் எதிரே உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும்; ஒரே நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம்.

கேள்வி: ஹோமில் பிட்லாக்கர் இல்லை என்கிறார்கள். புது லேப்டாப்போ ரெகவரி கீ கேட்கிறது!

பதில்: அது ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’. உள்ளே ஓடும் நுட்பம் பிட்லாக்கருடையதுதான். எந்த டிரைவைப் பூட்டுவது, எப்படித் திறப்பது என்ற கட்டுப்பாடுகள் மட்டும் ஹோமில் தரப்படவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல கணினிகளில் தானாகவே இயங்கத் தொடங்கி, 48 இலக்க ரெகவரி கீயை அந்தக் கணக்கிலேயே சேமித்துவிடும். மதர்போர்டை மாற்றினாலோ டிபிஎம்மை (கீயைக் காக்கும் பாதுகாப்புச் சிப்) அழித்தாலோ கீ கேட்கும். அந்த மாதிரி வேலைக்கு முன்னால் கீயைத் தாளில் எழுதி வைப்பது நல்லது. இன்னொன்று: புரோவில் பூட்டிய பென்டிரைவை ஹோமில் பாஸ்வேர்டு கொடுத்துத் திறக்கலாம், புதிதாக ஒன்றைப் பூட்டத்தான் முடியாது.

கேள்வி: ஹோமிலிருந்து புரோவுக்கு மாற ஃபார்மேட் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போய் புரோ கீயைக் கொடுத்தால் ஒரு ரீஸ்டார்ட்டில் மாறிவிடும். கோப்புகள் அப்படியே இருக்கும். புரோவிலிருந்து என்டர்பிரைஸுக்கும் இப்படியே ஏறலாம். இறங்குவதற்குத்தான் வழியில்லை: புரோவிலிருந்து ஹோமுக்கு வர புதிதாக நிறுவ வேண்டும். 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கும் அதே கதைதான்.

நடைமுறையில் மாட்டும் இடம் வேறு. ஹோமுடன் வந்த லேப்டாப்பில் புரோ நிறுவ யுஎஸ்பி செருகினால், எடிஷன் எது என்று கேட்காமலே ஹோமை நிறுவி முடித்துவிடும். காரணம், தயாரிப்பாளர் மதர்போர்டு ஃபர்ம்வேரில் (அதிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) எழுதிய ஹோம் கீயை செட்டப் படித்துவிடுகிறது. யுஎஸ்பி பழுது என்று நினைத்து மறுபடி மறுபடி தயாரிப்பவர்கள் உண்டு. ஹோமை நிறுவ விட்டு, பிறகு மேலே சொன்னபடி கீயை மாற்றுவதே சுலபம்.

கேள்வி: என்னிடம் ஹோம் மட்டுமே இருக்கிறது. மற்ற எடிஷனில் பழகிப் பார்க்க வழி?

பதில்: விர்ச்சுவல்பாக்ஸ் 7 (கணினிக்குள் மெய்நிகர்க் கணினி இயக்கும் நிரல்), அதில் மைக்ரோசாஃப்ட் தரும் 90 நாள் என்டர்பிரைஸ் சோதனைப் பிரதி. மெஷின் உருவாக்கும்போது வகையை ‘விண்டோஸ் 11, 64 பிட்’ என்றே தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10 என்று விட்டால் டிபிஎம்மும் இஎஃப்ஐயும் (புதிய வகை ஃபர்ம்வேர்) அணைந்தே இருக்கும். ‘இந்தக் கணினியில் விண்டோஸ் 11 இயங்காது’ என்று செட்டப் நின்றுவிடும். ராம் 4096 எம்பி, பிராசஸர் 2, டிஸ்க் 64 ஜிபி. உங்கள் கணினியின் மொத்த ராமே 4 ஜிபி என்றால் இந்த முயற்சி வேண்டாம், இரண்டுமே திணறும். நிறுவியதும் ஒரு ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பி வர உதவும் நிலைப்பதிவு) எடுத்துவிடுங்கள்.

பிறகு ஜிபிஎடிட்டை இரண்டிலும் திறந்து பாருங்கள்; என்டர்பிரைஸில் ஜன்னல் திறக்கும், ஹோமில் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வரும். ஹோமிலிருந்து மெய்நிகர்க் கணினிக்குள் ரிமோட் செய்யும்போது தொடர்பு கிடைக்காவிட்டால் அதன் நெட்வொர்க் ‘நேட்’டில் (வெளியிலிருந்து நேரே உள்ளே வர விடாத அமைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கணினியோடு மட்டும் இணைக்கும் ஹோஸ்ட்-ஒன்லிக்கு மாற்றினால் 192.168.56 என்று தொடங்கும் முகவரி வரும்; அதைக் கொடுத்துச் சேருங்கள்.

கேள்வி: ‘புரோ என்’ என்பது என்ன?

பதில்: ஐரோப்பிய ஆணையத்தின் 2004-ஆம் ஆண்டு தீர்ப்பால் பிறந்த பிரதி. மீடியா பிளேயரும் அது சார்ந்த பகுதிகளும் இதில் இருக்காது. மற்றபடி புரோவேதான். வீடியோ ஓட மறுத்தால் மீடியா ஃபீச்சர் பேக்கை நிறுவிக்கொள்ளுங்கள்.