சிறுகதைத் தளம்: ஒரே பத்தி போதும், ஜஸ்டிஃபை வேண்டாம்

வணக்கம். சிறுகதைகளுக்கான புதுத் தளத்தில் பக்கத்தில் எழுத்து ஒரு பத்தியாக (காலம், column) ஓடட்டுமா, செய்தித்தாள் மாதிரி இரண்டு பத்தியாகவா, எழுத்தை ஜஸ்டிஃபை செய்யலாமா, அதாவது வரிகளை இரு ஓரமும் சீராக நிரப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கதை படிக்க ஒரே பத்தி போதும்.

ஜஸ்டிஃபை மட்டும் தயவுசெய்து வேண்டாம். தமிழில் ‘சொல்லிக்கொண்டிருந்தார்கள்’ மாதிரி நீளச் சொற்கள் சாதாரணம். அது இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கினால், மேல்வரியில் மிஞ்சிய இரண்டு மூன்று சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். போனில் இன்னும் மோசம். இடப்பக்கம் சீராக்கி, வலப்பக்கத்தை அப்படியே விடுங்கள்.

அப்புறம், ‘கீ’யின் சுழி மேலேயும் ‘மூ’வின் வால் கீழேயும் நீளும், அதனால் வரி உயரத்தை எழுத்தளவைப் போல் 1.7 மடங்கு வையுங்கள். கணினித் திரையில் பத்தி அகலம் 36 இஎம் (em, ஓர் இஎம் என்பது எழுத்தளவுக்குச் சமம்) தாண்ட வேண்டாம். கவிதை போட்டாலும் வரிகளை நடுவில் சீராக்காதீர்கள். வரி தொடங்கும் இடத்தைக் கண் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கும்.